வெங்காய வேரில் ஒரு செல்கூடப் பிரியவில்லை: வெயில் குற்றமா, நம் குற்றமா?

ரஸ்தா | மே 6, மாலை 5:50

காரைக்குடிப் பக்கம் மே மாதத்தில் வெங்காய வேர் நுனி வைத்து மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரியும் பகுப்பைக் காட்டவே முடியாது என்பது என் கட்சி. வெயில்தான் காரணம். சின்ன வெங்காயம், தண்ணீரில் 6 நாள், வேர் 6 செ.மீ. வளர்ந்துவிட்டது. அசிட்டோகார்மைன் சாயம் நன்றாக ஏறியிருக்கிறது. உட்கரு எல்லாம் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது. பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை; புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்ற நான்கு கட்டத்தில் எதையும் காணோம். ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குக் காட்டியாக வேண்டும். ரெடிமேட் ஸ்லைடு வாங்கிவிடலாமா?

வேர்நுனி | மே 6, இரவு 7:15

வெயிலைப் பிறகு விசாரிப்போம். முதலில் மூன்று கேள்வி. வேரை எத்தனை மணிக்கு வெட்டினீர்கள்? வெட்டியதும் எதில் போட்டீர்கள்? ஸ்லைடில் தெரியும் செல் சதுரமா, நீளமா?

ரஸ்தா | மே 6, இரவு 7:40

மதியம் 3 மணி. வெட்டி நேரே சாயத்தில். செல் நீளம்தான், செங்கல் அடுக்கின மாதிரி.

வேர்நுனி | மே 6, இரவு 9:05

செங்கல் என்றதுமே பாதி விடை வந்துவிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது நீட்சி மண்டலம். அங்கே பகுப்பு முடிந்துவிட்டது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

வேரின் கடைக்கோடியில் தொப்பி. அதை ஒட்டி ஒன்றிரண்டு மி.மீ. நீளத்துக்கு, செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் ஆக்குத்திசு. நமக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் நீள்கிற செல்கள். அடையாளம் சுலபம். ஆக்குத்திசுச் செல் ஏறக்குறையச் சதுரம். உட்கரு நடுவில் உட்கார்ந்து பாதி இடத்தைப் பிடித்திருக்கும். செல்லின் சாற்றுப் பையான வாக்குவோல் பொடிப்பொடியாக இருக்கும். நீட்சி மண்டலத்தில் அந்தப் பொடி வாக்குவோல்கள் ஒன்றாகக் கூடிப் பெரிய தண்ணீர்ப் பையாகி, உட்கருவைச் சுவரோரம் ஒதுக்கியிருக்கும். செல்லை நீட்டி இழுப்பதே அந்தப் பையின் அழுத்தம்தான். உட்கரு ஓரம் போன செல்லைக் கண்டால் ஸ்லைடை நகர்த்துங்கள்.

சாயம் ஏறியபின் வேரைப் பார்த்தால் நுனியில் கொஞ்ச தூரம் மட்டும் கருஞ்சிவப்பாகவும் மற்றது வெளிறியும் இருக்கும். அந்தக் கருஞ்சிவப்பை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, மீதியைத் தூக்கிப் போடுங்கள். மீதியையும் சேர்த்து நசுக்கினால் வேண்டாத செல் கூட்டத்தில் வேண்டியது தொலைந்துவிடும்.

6 செ.மீ. வேர் வேண்டாம். ஒன்றரை, இரண்டு செ.மீ. போதும். வேர் கிழடானால் பகுப்பு குறையும்.

லென்ஸ்துடைப்பான் | மே 6, இரவு 10:20

நேரே சாயத்தில் போடுவது தப்பில்லை, ஆனால் மட்டம். சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவந்துவிடும், குரோமோசோம் பிரிந்து தெரியாது. சாயத்துக்கு முன் செல்லை இருந்தபடியே நிறுத்திவைக்க ஒரு கலவை வேண்டும்: எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய கலவையில் ஆல்கஹாலும் அமிலமும் தங்களுக்குள் வினை புரிந்து எஸ்டராகிக்கொண்டிருக்கும். அதில் 24 மணி நேரம் வேர் கிடக்கட்டும். பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். ஜூன் வகுப்புக்கு இப்போதே வெட்டி வைத்துவிடலாம், டீச்சர்.

சுத்த எத்தனால் பள்ளிக்குக் கிடைப்பது கஷ்டம். மெத்தனாலும் வேலை செய்யும். மனிதக் குரோமோசோம் ஆய்வகங்களில் மெத்தனால் 3, அசிட்டிக் 1 என்பதுதான் வழக்கம். ஆனால் மெத்தனால் விஷம். பிள்ளைகள் கையில் பாட்டிலைக் கொடுக்காதீர்கள்.

ரஸ்தா | மே 7, காலை 6:30

டீச்சர் இல்லை, சார். பரவாயில்லை. நேரம் கேட்டீர்களே, அது ஏன்?

வேர்நுனி | மே 7, காலை 8:10

செய்முறைப் புத்தகங்களில் காலை 8 முதல் 10 என்று இருக்கும். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெங்காயத்துக்கு மணி பார்க்கத் தெரியாது, சூடு தெரியும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் நின்ற வேர் காலையில் நன்றாகப் பிரியும். பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீரே காய்ந்து கிடக்கும். முதல் தடவை காலை 7, 9, 11 என்று மூன்று நேரம் வெட்டித் தனித்தனி குப்பியில் போடுங்கள். உங்கள் அறைக்கு எது பொருந்துகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஆக, வெயில் மேல் நீங்கள் போட்ட வழக்கில் கால்வாசி நியாயம் உண்டு.

ஊருணிக்கரை | மே 7, காலை 9:45

கால்வாசி இல்லை, அரைவாசி கொடுங்கள். சூடு மட்டும் பேசினால் போதாது, மூச்சையும் பேச வேண்டும். வேர்ச் செல்லில் பசுங்கணிகம் கிடையாது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மி.கி. ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மி.கி.தான். சூட்டில் செல் கேட்பது அதிகம், தண்ணீர் கொடுப்பது குறைவு. பெட்டகத்தில் பணம் இல்லாதபோது கல்யாணம் வைத்த மாதிரி.

அதனால் மூன்று காரியம். வெங்காயத்தை முழுக அமுக்காதீர்கள்; அடித்தட்டு தண்ணீரைத் தொட்டால் போதும். மூன்று ஈர்க்குச்சி குத்தி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள், சின்ன வெங்காயமானால் சின்ன மருந்துக் குப்பி வாயே போதும். தண்ணீரைத் தினம் இருவேளை மாற்றுங்கள். பழைய வீடாக இருந்தால் குப்பியை முகப்பில் வைக்காமல் உள்ளே இரண்டாம் கட்டில், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் வையுங்கள். தடித்த சுவருக்கும் அந்தத் தரைக்கும் நடுவே மதியத்திலும் குளிர்ச்சி இருக்கும்.

தண்ணீரும் முக்கியம். உப்புப் போர்த் தண்ணீரில் வேர் வரும், பகுப்பு குறையும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கொட்டாங்கச்சி | மே 7, காலை 10:02

இரண்டாம் கட்டில் வைத்தால் ஆச்சி எடுத்துக் குழம்பில் போட்டுவிடுவார்கள். அப்புறம் மெட்டாஃபேஸ் வயிற்றுக்குள்தான்.

லென்ஸ்துடைப்பான் | மே 7, மதியம் 1:15

தரை பற்றிச் சொன்னதால் ஒன்று: ஆத்தங்குடிக் கல்லின் மேற்பரப்பு சிமென்ட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலும் பொங்கி நிறம் போய்விடும். வேர் வளர்க்க அந்தத் தரை, சாயம் போட வேறு மேசை.

ரஸ்தா | மே 9, இரவு 8:30

புது வெங்காயம் வைத்தேன். 3 நாளாக வேரே இல்லை.

வேர்நுனி | மே 9, இரவு 9:00

வைத்தது 7ஆம் தேதி என்றால் 2 நாள்தான் ஆகிறது, சார்.

அது போகட்டும். அறுவடை ஆன புதுசில் வெங்காயம் உறக்கத்தில் இருக்கும். சந்தையில் பளபளவென்று ஈரத்தாளோடு இருப்பதைத் தவிர்த்து, ஓரிரு மாதம் காய்ந்த பழைய சரக்கைக் கேட்டு வாங்குங்கள். அடித்தட்டில் காய்ந்த பழைய வேர்க் குச்சத்தை பிளேடால் மேலோடு சுரண்டுங்கள், ஆழமாக வெட்டினால் புது வேர் முளைக்கும் இடமே போய்விடும். முளை வராமலிருக்கக் கதிர்வீச்சு கொடுத்த வெங்காயம் சந்தைக்கு வருவதுண்டு, அதுவும் ஏமாற்றும். ஒரே வெங்காயத்தை நம்பாமல் ஐந்தாறு வையுங்கள். பூண்டுப் பல்லும் இரண்டு வையுங்கள். அதற்கும் குரோமோசோம் 16தான், வேர் தடியாக வரும்.

கொட்டாங்கச்சி | மே 9, இரவு 9:20

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வெங்காயம், பூண்டா? கவுனி அரிசியை முளைக்கப் போடுங்கள். ஏற்கெனவே நிறம் இருக்கிறது, சாயச் செலவு மிச்சம்.

வேர்நுனி | மே 9, இரவு 10:11

கேலிதான், ஆனாலும் பதில் சொல்லும்படியான கேலி. கவுனியின் கருஞ்சிவப்பு தோலில் இருக்கும் ஆந்தோசயனின். அது வாக்குவோலில் சேர்கிற நிறமி. குரோமோசோமுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நெல்லுக்குக் குரோமோசோம் 24, எல்லாம் பொடிசு. நெல்லின் ஒரு தொகுதி டிஎன்ஏ ஏறத்தாழ 40 கோடி கார இணைகள். வெங்காயத்துக்கு 1600 கோடி. அதை ஒரு தொகுதிக்கு, அதாவது 16இல் பாதியான 8 குரோமோசோமில் அடக்க வேண்டும், அதனால்தான் ஒவ்வொன்றும் புடலங்காய் மாதிரி கிடக்கிறது. மனிதனைவிட வெங்காயத்துக்கு டிஎன்ஏ ஐந்து மடங்கு என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் அந்தப் பேச்சே ஓடும்.

வாக்குவோலைக் காட்ட சின்ன வெங்காயத்தின் ஊதாத் தோல் போதும். செதிலின் வெளிப்பக்கத்து ஊதாச் சவ்வை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பிறகு 100 மி.லி.க்கு 5 கிராம் உப்புக் கரைசலை ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். ஊதா சுருங்கி, அடர்ந்து, சுவரை விட்டு விலகும். சாயமே வேண்டாம். அந்தச் சவ்வில் பசுங்கணிகம் தேடாதீர்கள், கிடையாது. வெங்காயச் செல் படத்தில் பச்சை வட்டம் போட்டுக் கொண்டுவரும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறையவே மாட்டேன் என்கிறார்கள்.

ரஸ்தா | மே 14, மாலை 4:45

வேர் வந்துவிட்டது. காலை 7, 9, 11 மூன்றும் வெட்டிக் கலவையில் போட்டாயிற்று. இனி படிப்படியாகச் சொல்லுங்கள். வாட்டர் பாத் இல்லை.

லென்ஸ்துடைப்பான் | மே 14, இரவு 7:30

சாயம்: கிளேசியல் அசிட்டிக் 45 மி.லி., வடிநீர் 55 மி.லி., கொதி வந்ததும் கார்மைன் 1 கிராம் கொஞ்சம் கொஞ்சமாக. இளந்தீயில் அரை மணி, ஆறவிட்டு வடிகட்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும்.

அமிலம்: 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் 100 மி.லி. வேண்டுமானால் அடர் அமிலம் 8.3 மி.லி. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

சூடு: 60 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். வாட்டர் பாத் எதற்கு? கொதிக்கும் தண்ணீரும் 30 டிகிரித் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கணக்குக்கு 65 வரும், பாத்திரம் கொஞ்சம் குடித்துவிட்டு 60க்கு வந்து நிற்கும். வாய் அகன்ற ஃபிளாஸ்கில் ஊற்றி, அமிலமும் வேரும் உள்ள சோதனைக் குழாயை அதற்குள் இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை: மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரே 40 டிகிரி இருக்கும், அதில் கலந்தால் 70 ஆகிவிடும். பானைத் தண்ணீர் எடுங்கள். வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

இந்த அமிலம் செல்லோடு செல்லை ஒட்டும் பெக்டினைக் கரைக்கத்தான். குறைந்தால் நசுக்கும்போது செல்கள் கட்டியாகவே நிற்கும். கூடினால் வேர் கூழாகிக் குழாய் அடியில் தங்கிவிடும்.

பிறகு தண்ணீரில் அலசி, சாயத்தில் 20 நிமிடம். ஸ்லைடில் நுனியை மட்டும் வெட்டி வைத்து, ஒரு சொட்டு சாயம், கவர் ஸ்லிப். ஸ்பிரிட் விளக்கின் மேல் மூன்று நான்கு தடவை இப்படியும் அப்படியும் காட்டுங்கள், கொதிக்கக் கூடாது. புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும். பென்சிலின் ரப்பர் முனையால் தட்டுங்கள். பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்துக் கட்டை விரலால் நேர்க்கீழே ஒரே அழுத்து. விரல் வழுக்கினால் செல்கள் உருண்டு திரியாகிவிடும், அந்த ஸ்லைடு கதை முடிந்தது.

வேர்நுனி | மே 14, இரவு 7:52

சாயம் வெளிறினால் பழைய வித்தை: துருப்பிடித்த ஊசியால் சாயச் சொட்டைக் கிளறுவது. இரும்பு கார்மைனைக் கெட்டியாக்கும். அளவு மீறினால் கறுப்புத் துகளாகப் படிந்து, அதையும் குரோமோசோம் என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.

மைக்ராஸ்கோப் கண்ணாடியை முற்றத்து வெயிலுக்கு நேரே திருப்பாதீர்கள். கண் போய்விடும். வானத்து வெளிச்சமோ வெள்ளைச் சுவரோ போதும்.

ரஸ்தா | மே 17, காலை 11:30

கிடைத்துவிட்டது!! 9 மணி வேரில். ஆனால் சந்தேகம். நடுவில் குரோமோசோம் வரிசையாக நிற்பது மெட்டாஃபேஸ், தெரிகிறது. பக்கத்தில் ஒரு செல்லில் பூ விரிந்த மாதிரி வட்டமாக இருக்கிறது. புரோஃபேஸா? இன்னொன்று, படத்தில் இரண்டு துருவத்திலும் போடுகிற சென்ட்ரியோல் எங்கும் தெரியவில்லை, 400 மடங்கு போதாதா?

வேர்நுனி | மே 17, மதியம் 12:40

பூ என்பதும் மெட்டாஃபேஸ்தான், மேலிருந்து பார்க்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு, மேலிருந்து பார்த்தால் பூ. அவ்வளவுதான். புரோஃபேஸில் உட்கருவின் வட்ட எல்லைக்குள்ளேயே நூல்கண்டு மாதிரி இழைகள் கிடக்கும். அந்த எல்லை போய், குரோமோசோமின் கைகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மெட்டாஃபேஸ்.

சென்ட்ரியோல் 4000 மடங்கு வைத்தாலும் தெரியாது. வெங்காயத்தில் அது இல்லை. விலங்குச் செல் படத்தைப் பார்த்து வெங்காய ஏட்டில் இரண்டு துருவத்திலும் நட்சத்திரம் வரைந்து, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். பூக்கும் தாவரம், குரோமோசோமை இழுக்கும் கதிர்க்கோலை சென்ட்ரியோல் இல்லாமலே கட்டிவிடும். உட்கருவைச் சுற்றிய பகுதியிலிருந்தே அதன் இழைகளான நுண்குழல்கள் முளைக்கும். பிரிவதற்கு முன்பே செல்லின் விளிம்பை ஒட்டி நுண்குழல் பட்டை ஒன்று இடுப்புக் கயிறு மாதிரி கட்டி, பிறகு மறைந்துவிடும். கடைசியில் புதுச் சுவர் சரியாக அந்த இடத்தில் வந்து சேரும். 1966இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோதுமையில் கண்டது. கார்மைனில் தெரியாது. ஒரு நுண்குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர், ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது 200 வரைதான்.

கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் இரண்டு உட்கருவுக்கு நடுவே மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள். அது செல் தட்டு. செல்லின் பொட்டலக் கூடமான கோல்கை அனுப்பும் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வளரும். விலங்குச் செல் வெளியிலிருந்து உள்ளே இறுகும். இது உள்ளிருந்து வெளியே கட்டும்.

ஊருணிக்கரை | மே 17, மாலை 6:10

அப்படியானால் பாடத்தில் "புரோஃபேஸ் முடிவில் கோல்கை, எண்டோபிளாச வலை, நியூக்ளியோலஸ், உட்கரு உறை எதுவும் தெரியாது" என்று இருக்கிறதே? இல்லாத கோல்கை எப்படிக் குமிழ் அனுப்பும்?

வேர்நுனி | மே 17, இரவு 8:45

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்த வரி விலங்குச் செல்லை மனதில் வைத்தது. அங்கே கோல்கை துண்டு துண்டாக உடைந்து சிதறும். தாவரத்தில் தட்டு அடுக்குகள் உடையாமல் பகுப்பு முழுக்க இருந்து வேலை பார்க்கும். எண்டோபிளாச வலையும் எங்கும் போய்விடுவதில்லை. உடைந்த உட்கரு உறையையே அது தனக்குள் வாங்கிக்கொண்டு, டீலோஃபேஸில் திருப்பிக் கொடுக்கும். நியூக்ளியோலஸ் உண்மையிலேயே கரையும். அது ரைபோசோம் பட்டறை, அதைக் கட்டும் மரபணு இருக்கும் குரோமோசோம் பகுதியிலேயே மறுபடி உருவாகும். மைட்டோகாண்ட்ரியா புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பது நீண்டு இரண்டாகும். சொந்த டிஎன்ஏ வைத்திருக்கும் சாமான் ஆயிற்றே. இரண்டு மகளுக்கும் பங்கு போகும், எண்ணிப் பங்கு வைப்பதில்லை. எண்ணிப் பங்கு வைப்பது குரோமோசோமை மட்டும்தான்.

தேர்வில் புத்தக வரியை எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

கொட்டாங்கச்சி | மே 18, காலை 7:20

16ஐ எண்ணிப் பார்க்க முடியவில்லை, எல்லாம் இடியாப்பம். கோல்ச்சிசின் என்ற நஞ்சைப் போட்டால் தனித்தனியாகப் பிரியுமாமே. கார்த்திகைப் பூக் கிழங்கில் அதுதானே இருக்கிறது? வேலியெல்லாம் கிடக்கிறது, அரைத்து ஊற்றினால் என்ன?

லென்ஸ்துடைப்பான் | மே 18, காலை 7:31

வேண்டவே வேண்டாம். கேலிக்கும் வேண்டாம். கார்த்திகைப் பூவின் கிழங்கான கண்வலிக் கிழங்கில் இருப்பது அதேதான், விதையிலும் உண்டு. தின்றால் உயிர் போகும். போகாமல் தடுக்கக் கையில் மருந்து கிடையாது. அரைத்த சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியாது. பள்ளி ஆய்வகத்துக்குள் அந்தக் கிழங்கை விடாதீர்கள்.

வேர்நுனி | மே 18, காலை 9:00

அதே. மாற்று: ஐஸ். ஃபிளாஸ்கில் ஐஸும் தண்ணீரும், அதில் வேரோடு வெங்காயம் 24 மணி நேரம், 0 முதல் 4 டிகிரிக்குள். மே மாதம் நாலைந்து தடவை ஐஸ் போட வேண்டிவரும். குளிரில் நுண்குழல்கள் அவிழ்ந்துபோகும், கதிர்க்கோல் கட்ட முடியாமல் செல் மெட்டாஃபேஸிலேயே நிற்கும், குரோமோசோமும் சுருங்கிக் குட்டையாகும். அதற்குப் பிறகு எத்தனால்-அசிட்டிக். 16ஐ எண்ணலாம். ஆனால் அந்த வேரில் அனாஃபேஸ், அதாவது குரோமோசோம்கள் இரண்டு துருவத்துக்கும் பிரிந்து போகும் கட்டம், தேடக் கூடாது. கட்டங்களைக் காட்ட ஒரு வேர், எண்ண ஒரு வேர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ச்சிசின் கதையில் ஒரு சுவையான உறவு உண்டு. ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவன் 1938இல் வெங்காய வேரில்தான் அதன் விளைவை விவரித்தார். அவரும் ஜோ ஹின் ஜியோவும் 1956இல் மனிதக் குரோமோசோம் 46 என்று வெளியிட்டார்கள். அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் உலகமே 48 என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவர்களும் கோல்ச்சிசின் போட்டு நசுக்கித்தான் எண்ணினார்கள். வெங்காயத்தில் பழகிய கை.

ஊருணிக்கரை | மே 21, இரவு 8:00

எங்கள் ஊர் ஊருணித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் இப்படியே ஒப்பிடலாமா? ஆயிரம் செல் எண்ணி, எத்தனை பிரிகிறது என்று?

வேர்நுனி | மே 21, இரவு 10:30

தாராளமாக. உலகம் முழுக்கச் செய்கிற சோதனைதான். ஸ்வீடன் ஆய்வாளர் பிஸ்கெஷே 1985இல் ஒழுங்குமுறை வகுத்தார். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஐந்து வெங்காயமாவது, மழைத் தண்ணீரில் ஒப்பீட்டுக்கு ஐந்து, ஒரே நேரத்தில் வெட்டுதல். எண்ணுகிறவருக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. பிரிகிற செல்லை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் பகுப்புக் குறியீடு. நல்ல வேரில் 5 முதல் 10 வரும். அனாஃபேஸில் இரண்டு துருவத்துக்கும் நடுவே பாலம், தனியே விடுபட்ட துண்டு, இவற்றைத் தனியாகக் குறியுங்கள். குறைந்தால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். என்ன இருக்கிறது என்று வெங்காயம் சொல்லாது. குடிக்கலாமா என்பதற்கும் அது சான்றிதழ் இல்லை.

வேர்நுனி | மே 22, காலை 6:50

நேற்று விட்டது. புரோஃபேஸ் அதிகம், அனாஃபேஸ் குறைவு என்று வந்தால், அந்தந்தக் கட்டம் எடுக்கும் நேரமும் அதே விகிதம் என்று கணக்குப் போடுவார்கள். தோராயத்துக்குச் சரி. ஆனால் ஒரு செல் முடிந்தால் இரண்டு பிறக்கிறது, ஆகவே எந்த நேரத்திலும் இளம் செல்கள் கூட்டத்தில் அதிகம். சுழற்சியின் கடைசியில் வரும் மைட்டாசிஸின் பங்கு நிஜ நேரத்தைவிடக் குறைவாகவே தெரியும். பாலமும் சந்தேகத்துக்குரியது: கவர் ஸ்லிப் வழுக்கினாலும் பாலம் மாதிரி இழுபடும். சுற்றியுள்ள செல்களும் அதே திசையில் இழுபட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரஸ்தா | ஜூன் 12, மாலை 5:15

முப்பத்திரண்டு பிள்ளைகளும் பார்த்தார்கள். நாலாவது மணியில் ஸ்லைடு ஓரம் காய்ந்து உள்ளே காற்று புகுந்துவிட்டது. இந்தச் சூட்டுக்கு என்ன வழி?

லென்ஸ்துடைப்பான் | ஜூன் 12, மாலை 5:40

ஓரத்தில் 45 சதவீத அசிட்டிக் ஒரு சொட்டு விட்டால் காற்று வெளியேறும். பிறகு வடிதாளால் ஒற்றி, நான்கு ஓரமும் நகப்பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாது. இரண்டு மூன்று நாள் தாங்கும்.

கொட்டாங்கச்சி | ஜூன் 12, மாலை 5:44

சிவப்பு நகப்பூச்சு வேண்டாம். கார்மைன் எது, பூச்சு எது என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.